வான்கோழி ஆறிப்போன நன்றி நாள்

மகனே,

விருந்துக்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்வது உன் அம்மா விட்டுச்சென்ற வழக்கம். நீ எழுந்து என்ன சொன்னாய்? "என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்ட அப்பா தலைமுறைக்கு நன்றி." மாமன்கள் அத்தனை பேர் முன்னால்! வெட்டாத வான்கோழி அப்படியே ஆறிப்போனது.

அமெரிக்கா எழுந்ததே எங்கள் ஓஹையோ இரும்பில்தான் என்றேன். "அப்போ யாராலப்பா விழுந்துச்சு?" என்றாய். சீனாக்காரன், வாஷிங்டன்காரன், பங்குச் சந்தைக்காரன் என்று அடுக்கினேன். "அதெல்லாம் இருக்கட்டும். அன்னைக்கு நீ எப்படி ஓட்டுப் போட்டே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாய். எவ்வளவு திமிர்டா உனக்கு!

அன்று இரும்பாலையை மூடிவிடுவோம் என்று முதலாளிகள் மிரட்டினார்கள். பழைய ஆட்களின் சம்பளத்தைத் தொட மாட்டோம், இனி சேருகிறவர்களுக்குப் பாதிதான், சம்மதமா என்று தொழிற்சங்கத்தில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன கிழித்திருப்பாய்?

ரகசிய ஓட்டு. எதிர்த்துத்தான் போட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உன்னிடமும்தான்.

இனி சேருகிறவன் எவனோ என்று நினைத்தேன். அப்போது உனக்கு ஒன்பது வயது.

பத்து வருஷம் கழித்து என் பக்கத்து உலையில் வந்து நின்றாய். முதல் சம்பளச் சீட்டைக் காட்டி, "என்னப்பா, உன்னுதுல பாதிதான் இருக்கு?" என்றாய். "போகப் போக ஏறும்டா" என்றேன்.

ஏறாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்து தொலை. எப்படி ஓட்டுப் போட்டேன் என்று எல்லாரும் இருக்கும்போதே மறுபடி கேள்.

உன் அப்பா