பெல்ட் நிற்காது

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்கு மரியாதை செய்தார்கள். ஒரு சிவப்பு அட்டை.

மருந்துப் பெட்டிகள் வரும் பெல்ட் ஓடும்போது கழிவறைக்குப் போக எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு பச்சை அட்டைதான். அதை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் என்றே பெயர். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். எனக்குப் பெருங்குடலில் புண். அதற்கு முறை வரும்வரை காத்திருக்கத் தெரியாது. மருத்துவர் கொடுத்த கடிதத்தோடு ஒரு வருடம் நடையாய் நடந்த பிறகு, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போக எனக்கென்று ஓர் அட்டை. உள்ளங்கையை விடப் பெரிது. 'மருத்துவ அனுமதி' என்று கொட்டை எழுத்து. என் மேசைக்கு மேலே கொக்கியில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவிட்டார்கள்.

தொழிலாளர் நல அதிகாரி படம் எடுத்தார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்மா. கொஞ்சம் சிரிங்க."

எந்தக் குடும்பத்தில் கழிவறைக்குப் போக அட்டை கொடுக்கிறார்கள்? பல்லைக் காட்டினேன்.

மார்ச் 4, புதன்

அட்டையை முதல்முறை எடுத்தேன். திரும்பி வந்தபோது பக்கத்து மேசைக்காரி, வரிசை முழுக்கக் கேட்கும்படி: "வந்துட்டியா? அங்கயே குடிபோயிட்டியோன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பார்கள், அவர்கள் குடலா?

மாத்திரைப் பட்டையையும் அதன் விவரம் அச்சடித்த தாளையும் பெட்டிக்குள் வைப்பது அவள் வேலை. மூடி ஒட்டுவது என் வேலை. நான் எழுந்தால் இரண்டும் அவள் தலையில் விழும். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. அது எனக்குத் தெரியாதா? போன வருடம் வரை ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்தானே இவள். வாய்க்கொழுப்பு. எனக்கும் அது குறைவில்லை, ஆனால் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. குனிந்து ஒட்ட ஆரம்பித்தேன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனேன். தண்ணீர்கூட இல்லை. நாள் முழுக்க அட்டையைத் தொடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுப் படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு? வேலைய விட்டுடேன்" என்றார் என் வீட்டுக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விடலாம். என் மருந்து கம்பெனி காப்பீட்டில் வருகிறது. வேலை போனால் மருந்து போகும், மருந்து போனால் குடல் போகும். அதைச் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். அவரால் முடிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

என் கொக்கியில், அட்டைக்குப் பக்கத்தில், கழிவறைக் காகிதச் சுருள் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்கள். நூல் கட்டி, அழகாக. நான் வந்ததும் எல்லோருக்கும் பெல்ட் மேல் திடீர் பக்தி.

பக்கத்து மேசைக்காரியிடம் நேராகவே கேட்டேன். "நான் ஏன் மாட்டப் போறேன்? எனக்குதான் ரெண்டு பேர் வேலை இருக்கே" என்றாள். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ஸ்வெட்டர். மகாராணிக்குக் குளிருகிறதாம்.

அழக் கூடாது, அழவே கூடாதுடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மதிய இடைவேளையில் டேப் வெட்டும் பிளேடை எடுத்து அட்டையிலிருந்த எழுத்து முழுவதையும் சுரண்டிவிட்டேன். நன்றாக இருந்தது. இனி அது வெறும் சிவப்பு அட்டை.

மார்ச் 13, வெள்ளி

விசில் கேட்டார்: "எழுத்து எங்க?" "அழிஞ்சுடுச்சு சார்." அவ்வளவுதான்.

மார்ச் 18, புதன்

தொலைந்தேன்.

நேற்று போன பெட்டிகளில் ஒரு கட்டு முழுக்கத் தாள் இல்லை. கிடங்கில் பிடித்துவிட்டார்கள், அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. எந்த நேரத்துப் பெட்டி என்று எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நான் கழிவறையில் இருந்த நேரம். அவள் ஒருத்தியாக வைத்து, மூடி, ஒட்டி — வைக்க மறந்திருக்கிறாள்.

நாளைக்கு இருவரும் நல அதிகாரி அறைக்குப் போக வேண்டும். இவள் எழுந்து போனதால்தான் தப்பு நடந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அட்டை போகும், அட்டை போனால் நானும் போவேன். அது பொய்யும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

சொல்லுவா. ஏன் சொல்ல மாட்டா? அல்வா மாதிரி கையில கெடச்சிருக்கே.

மார்ச் 19, வியாழன்

அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம்தான் பேசினார், தேன் ஒழுக. "நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்கம்மா. இந்த ஏற்பாட்ட மறுபடி யோசிக்கலாம். இவங்களுக்குத் தோதா வேற எடம் பாக்கலாம்."

வேற எடம் எதுவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். என் வீடு.

"புகார்தானே? தரேன் சார்" என்றாள்.

பாவி என்று மனசுக்குள் சொன்னேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அட்டை குடுத்தீங்க. படம் புடிச்சீங்க. ஆள் குடுத்தீங்களா? இவ எழுந்து போனா இவ வேலைய யார் செய்வான்னு யாராவது யோசிச்சீங்களா? எனக்கு இருக்கறது ரெண்டு கை. ஒண்ணு ஆள் போடுங்க, இல்ல பெல்ட்ட மெதுவா விடுங்க. இதான் என் புகார். எழுதிக்கோங்க."

ஓரமாக நின்ற விசில் உத்தரத்தைப் பார்த்தார். அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "என் புகாரும் அதுதான் சார்" என்றேன். ஒரு வருடமாக அட்டை, அட்டை என்றே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

வெளியே வந்ததும் தேங்க்ஸ் என்றேன்.

"உனக்காக ஒண்ணும் சொல்லல. என் கைக்காக சொன்னேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு."

வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி போனாள்.

மார்ச் 30, திங்கள்

மாற்று ஆள் வந்துவிட்டாள். நெட்டையான பெண். வரிசைக் கடைசியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், யார் எழுந்தாலும் அந்த இடத்தில் போய் உட்காருகிறாள். நல அதிகாரியின் சொந்த யோசனையாம், வாசலில் பெரிய படம் ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் நான், பல்லோடு.

பக்கத்து மேசைக்காரி இன்னும் பேசவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மதிய இடைவேளையில் கை கழுவப் போனேன். அவள் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு வெந்நீர்க் குழாயின் கீழே மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வீங்கிச் சிவந்து கிடந்தது.

"யார்கிட்டயாவது சொன்ன, பாத்துக்க" என்றாள். பிறகு அவளே சொன்னாள். மூட்டுவாதமாம். ரொம்ப நாளாகவே. வெந்நீர் பட்டால்தான் விரல் மடங்குகிறதாம்.

"டாக்டர் கடிதம் வாங்கிக் குடேன்."

"எதுக்கு? உன்ன மாதிரி ஒரு வருஷம் நடக்கவா? கை வராதவள பெல்ட்ல வெச்சிருப்பாங்களா?"

அவளை நான் மகாராணி என்று எழுதியது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் ஆக ஆக அவள் விரல்கள் விறைத்துக்கொண்டன. பெட்டிகள் மூடுவதற்கு வராமல் அவள் பக்கமே குவிந்தன. பச்சை அட்டை கேட்டால் எதற்கு என்று விசில் கேட்பார். நான் சிவப்பு அட்டையைக் கழற்றி அவள் மேசையில் போட்டேன்.

"எழுந்து போ. வெந்நீர்ல காட்டிட்டு வா."

விசில் ஓடி வந்தார். "அது உன் அட்டையாச்சே?"

"எங்க சார் எழுதியிருக்கு?"

இந்தப் பக்கம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். சுரண்டல்தான் இருந்தது. அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள். நெட்டைப் பெண் அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

அவள் திரும்பி வந்ததும், வரிசை முழுக்கக் கேட்கும்படி நான்: "வந்துட்டியா? அங்கயே குடிபோயிட்டியோன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னை எரித்துவிடுவது போல முறைத்தாள். உட்கார்ந்தாள். அடுத்த பெட்டி தாளோடு வந்தது.

கிளம்பும்போது பார்த்தேன், என் மேசைக்கு மேலே கொக்கி இல்லை. எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவிலிருக்கும் தூணில், பெட்டி ஒட்டும் டேப்பைச் சுற்றிச் சுற்றி அதைக் கோணலாக ஒட்டியிருந்தது. அதில் அட்டை. கேட்டால், நான் ஏன் ஒட்டப் போறேன் என்பாள்.

நாளையிலிருந்து காலையில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.