ஷூவிலிருந்து வெட்டிய வாஷர்

இன்று காலை குளியலறைக் குழாயை நானே கழற்றினேன். பிளம்பர் நாளைக்கு, நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் ஊறிப்போன பித்தளையின் வாசனை உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது, அந்த வாசனையோடு நீங்கள் நினைவில் வந்து நின்றுவிட்டீர்கள். தட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அம்பத்தூரில் நாம் வாடகைக்கு இருந்த பின்பக்க வீட்டில்தான் இதே வாசனையை முதலில் அறிந்தேன். உங்கள் கை போய் மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷினில் நின்றுகொண்டிருந்தீர்கள். தகட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் மிஷின் இறங்கிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கம்பெனியிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, வாழைப்பழச் சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்பா" என்றார். அந்த மிஷின் தானாக இறங்குகிறது என்று முந்தின வாரமே நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான் படுத்திருந்தீர்கள்.

குழாய் சொட்டத் தொடங்கியது அந்த நாட்களில்தான். வாளி வைத்துப் பிடித்தேன். வீட்டுக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்று சத்தமாகவே கேட்டார்: "இன்னாம்மா, டேங்கு தண்ணியெல்லாம் உங்க குழாய்லயே போவுது. உங்க ஊட்டுக்காரரு சும்மாத்தானே கீறாரு, பாத்து சரி பண்ணக் கூடாதா?"

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை இழுத்துக்கொண்டு, டேங்கு வால்வை அடைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனீர்கள். நான் பின்னாலேயே வந்து, "நான் பிடிச்சிக்கிறேங்க" என்றேன். "தள்ளு" என்றீர்கள்.

குழாயை ஒரு கை அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொரு கை திருப்ப வேண்டும். நீங்கள் இடது கையால் திருப்பத் திருப்ப, குழாயே சுவரோடு சேர்ந்து ஆடியது. வலது கையின் மிச்சத்தைக் கொண்டுபோய் அதன்மேல் அழுத்தினீர்கள். ஸ்பேனர் வழுக்கி, இன்னும் சரியாக ஆறாத தழும்பில் பட்டது. நீங்கள் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அம்மா வாசலைவிட்டே போய்விட்டார்.

ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்: "என் வெரலுங்கள எங்கடி போட்டிருப்பானுங்க?"

எனக்குத் தெரியவில்லை. குப்பையிலா, சாக்கடையிலா, ஆஸ்பத்திரி அடுப்பிலா. யாரிடமும் கேட்கத் தோன்றவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையிலிருந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தேன். பிறகு ஸ்பேனரை நான் எடுத்தேன். நீங்கள் தடுக்கவில்லை. இடது கையால் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டீர்கள்.

"உன் பலத்த ஒரே அடியாப் போடாத. மெதுவா. அப்படித்தான்."

தலை கழன்று வந்தது. உள்ளே வாஷர் பொடிப்பொடியாகக் கிடந்தது. கடைக்குப் போய் வாங்கிவருகிறேன் என்றேன்.

"வேணாம். என் கம்பெனி ஷூவ எடுத்துகினு வா. பிளேடும் கொண்டா."

"ஐயோ, அது எதுக்குங்க?"

"இனிமே அத்த யார் போட்டுக்கப் போறா?"

அந்த ஷூவின் நாக்குத் தோலை வெட்டச் சொன்னீர்கள். கழற்றிய குழாய்த் தலையின் அடியில் வைத்து அளவு பார்த்து வட்டமாக அறுத்தேன். எண்ணெய் ஊறி, கருத்துக் கெட்டித்திருந்த தோல். அதைப் பொருத்தி இறுக்கியதும் சொட்டுவது நின்றது. நான் சிரித்துவிட்டேன். அத்தனை மாதத்தில் நம் வீட்டில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அது. நீங்களும் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துப்ப" என்றீர்கள். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டேன். அந்தக் குரலில் இருந்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்த மாதம் பட்டரவாக்கத்தில் ஒரு பாக்கிங் கம்பெனியில் சேர்ந்தேன். வேறு வழி இல்லை. நான் வேலைவிட்டு வரும்போது சில நாள் சோறு வடித்து வைத்திருப்பீர்கள். சில நாள் சாராயக்கடைக்குப் பக்கத்தில் விழுந்து கிடப்பதாக யாராவது வந்து சொல்வார்கள். நான் போய்த் தூக்கி வருவேன். "உட்டுட்டுப் போயேன். உனக்கு நான் எதுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவீர்கள். நான் உங்கள் இடுப்பை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு நடப்பேன். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, அதே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தீர்கள். இந்த முறை யாரும் பழம் கொண்டுவரவில்லை. நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவும் இல்லை.

மற்றதெல்லாம் மங்கிவிட்டது. ஒன்று மட்டும் என்னோடு இருக்கிறது. விழித்திருக்கும்போது அந்தக் கையை என்னிடமிருந்துகூட ஒளிப்பீர்கள். துண்டுக்குள் சுற்றிக்கொள்வீர்கள், இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்வீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாயில் படுத்துத் தூங்கிப்போனதும் அது தானாக வந்து என் தோளில் விழும். கனமாக, சூடாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல். சோறு அடுப்பில் கிடந்தாலும், வாசலில் யார் கூப்பிட்டாலும், நான் அசையாமல் படுத்திருப்பேன். அசைந்தால் விழித்துக்கொண்டு கையை எடுத்துவிடுவீர்கள்.