ஈரக் கட்டியும் என் வீராப்பும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவின் நலத்தைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது, பயப்படாமல் கடைசிவரை படி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா. போன மாதம் கோபித்துக்கொண்டு போனைப் பாதியில் வைத்தவன் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறேன், காகிதத்தில் அசடு வழிந்தால் முகம் தெரியாது பார்.

நம் சலவைக் கடையில் டீசல் பாய்லரைத் தூக்கிவிட்டு மரத்தூள் கட்டி எரிக்கும் பாய்லர் வைத்ததும் நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். தச்சுப் பட்டறையில் குப்பையாகக் குவிகிற தூளை அழுத்திக் கட்டியாக்கினால் அதுவே எரிபொருள், எங்கிருந்தோ கப்பலில் வருகிற எண்ணெயை எதிர்பார்க்க வேண்டாம், சாம்பல் செடிக்கு உரம். இதில் எதுவும் பொய்யில்லை, அதனால்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, காற்றைக் காப்பாற்றவே பிறந்தவன் மாதிரி அரைமணி நேரம் பேசினேன். உட்கார்ந்ததும் பின்வரிசைத் தையற்காரர் குனிந்து, அண்ணே, முதுகு பூரா கரிப்புள்ளி என்றார். நம் கடையில் வெளுத்து, நம் மொட்டைமாடியில் காயவைத்த வெள்ளைச் சட்டை.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். கட்டியெல்லாம் எங்க அடுக்கி வெச்சிருக்கீங்கப்பா என்று நீ போனில் கேட்டாய், சலவை இயந்திரங்களுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் என்றேன் பெருமையாக. நாள் முழுக்க ஆவி பறக்கிற அறை, சுவரே வியர்க்கும். கட்டிகள் ஈரத்தைக் குடித்து ஊறின ரொட்டி மாதிரி உப்பி உதிர்ந்தன, எரியாமல் புகைந்தன. முப்பது வருஷமாகத் துணியிலிருந்து ஈரத்தை எடுத்துப் பிழைக்கிறவன் விறகை ஈரத்தில் ஊறவைத்திருக்கிறேன். மொதல்ல அத வெளிய எடுங்க, அம்மா இருமுறது இங்க வரைக்கும் கேக்குது என்றாய். அதற்குத்தான் போனை வைத்தேன். அவள் இருமலுக்கு ஐஸ் தண்ணீர்தான் காரணம் என்று நான் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்டேனே, அதை எப்படி மாற்றுவது.

அதற்கடுத்த வாரம் துணிக்கூடையோடு மாடி ஏறிய அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் சொல்ல மூச்சு இல்லை. அவளுடைய இஸ்திரி மேசைக்கு நேராக இருக்கிற ஜன்னலை விரலால் காட்டினாள், அதற்கு வெளியேதான் நான் புகைபோக்கியின் வாயை வைத்திருந்தேன். எனக்கு உயிரே போய்விட்டது பாப்பா. அப்படியும் பார், டாக்டர் என்ன எரிக்கறீங்க என்று கேட்டதும் சங்கத்துப் பேச்சை ஆரம்பித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதை எரிச்சாலும் நுரையீரலுக்குப் புகை புகைதான் ஐயா என்றார்.

பத்து நாள் கடையை மூடினேன். புகைபோக்கியை மொட்டைமாடிக்கு மேலே உயர்த்தியாயிற்று, அம்மாவின் மேசை வாசல் பக்கம் வந்துவிட்டது. டீசலுக்கு ஒரு பீப்பாய் போதும், இதற்கு ஒரு அறை வேண்டும், வீட்டில் ஈரமில்லாத அறை உன்னுடையதுதான், ஆகவே உன் கட்டிலைத் தவிர மீதி இடமெல்லாம் கட்டி. தினமும் சாம்பல் அள்ளுகிறேன், குழந்தையைப் போலப் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பட்டறைத் தூள் போதாவிட்டால் மரத்தை வெட்டியே கட்டி செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தார். மரத்த வெட்டி எரிச்சா அப்புறம் நன்மை எங்க இருக்குப்பா என்று நீ ஆரம்பத்திலேயே சொன்னதைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இந்த ஒரு முறை அதை என் யோசனையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

நேற்று கடை விடுமுறை. அம்மா வீட்டுத் துணிக்கூடையோடு படி முழுவதும் நிற்காமல் ஏறினாள். மேலே நின்று, புகைபோக்கி கோணல் என்பதில் தொடங்கி, சங்கத்துப் பேச்சு, ஐஸ் தண்ணீர்த் தீர்ப்பு, உன் போனை வைத்தது என்று ஒன்றுவிடாமல், நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல் என்னைத் திட்டித் தீர்த்தாள். நான் கீழ்ப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை, பாய்லர் அணைந்திருந்தது.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. ஈரத்துணியை அறைக்குள் போட்டு ஜன்னலைச் சாத்தாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், நீ எவ்வளவு திட்டினாலும் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சங்கக் கூட்டத்தில் இனி வாய் திறப்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கும்
உன் அப்பா