அவள் போட்ட பின்னல்

மார்ச் 2, ஞாயிறு

விவாகரத்துக்குப் பிறகு மகளுக்கு ஒரு வாரம் அவள் அப்பா வீடு, ஒரு வாரம் என் வீடு என்று ஏற்பாடு. இன்று மாலை குட்டிம்மா திரும்பி வந்தாள். தலையில் ஐந்து கால் பின்னல்!

"யாரு போட்டது?"

"சித்தி."

சித்தியாம். இவள் அப்பா அவளைக் கட்டிக்கொண்டு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் உறவுமுறை. பார்லரில் ஊரார் தலையை எல்லாம் சிங்காரிக்கிறவள் நான். என் மகள் தலையில் அவள் கை வைப்பாளா? வகிடு கோணல். இடது பக்கம் தளர்வு. செருப்பைக் கழற்றக்கூட விடாமல் உட்காரவைத்து, அவிழ்த்து வாரி, என் பின்னலைப் போட்டுவிட்டேன். குட்டிம்மா கழன்ற ரப்பர் பேண்டுகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

மார்ச் 4

பின்னல் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 16, ஞாயிறு

தலைவிரி கோலமாக வந்தாள். ஒரு கிளிப்கூட இல்லை. அந்த மகராசிக்குப் புது மோகம் தீர்ந்துவிட்டதா? உள்ளுக்குள் ஒரே குஷி எனக்கு. பார்லர் அக்காவுக்கு உடனே போன் போட்டேன். "புள்ளைய சரியா கவனிக்கலன்னு வக்கீல்கிட்ட சொல்லு, மொத்தமா உங்கிட்டயே வந்துரும்" என்றாள்.

சொன்னால் என்ன?

மார்ச் 30, ஞாயிறு

மறுபடி அதே கோலம். வக்கீலுக்குக் காட்டப் படம் எடுத்தேன். சிரி என்றேன், சிரிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குப்பை கொட்டக் கீழே இறங்கினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் குட்டிம்மா. அப்பா வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பரபரவென்று பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பேண்டுகளைப் பென்சில் டப்பாவில் போட்டாள். உள்ளே நான் வாங்கித் தந்த பச்சை கிளிப்பும் கிடந்தது.

"என்னடி பண்றே?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "நீ கோவிச்சுப்பேல்ல." அப்புறம் மெதுவாக, "அங்க போறப்பவும் நீ போட்டத கீழயே அவுத்துருவேம்மா. சித்தியும் ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாதுல்ல."

எட்டு வயசு அவளுக்கு! ரெண்டு பொம்பளைங்க மனசு கோணாம அது பாத்துக்குது — பெத்தவ நான் என்னத்தக் கிழிச்சேன்? வக்கீலாம், படமாம்... அந்தப் படத்தை அழித்துவிட்டேன். படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இனிமே அவுக்காதே" என்றேன். நம்பினாளா, தெரியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஐந்து கால் பின்னலோடு வந்து மணி அடித்தாள். உள்ளே வராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழகா இருக்கு" என்றேன். பொய் சொல்வானேன், சொல்லும்போது கசந்தது. இடது பக்கம் இன்னும் தளர்வுதான். கை துறுதுறுத்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சித்திகிட்ட சொல்லு, இடது பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்."

குட்டிம்மா சிரித்துவிட்டாள். நாளை பள்ளிக்கூடத்துக்கும் இதே பின்னலோடு போகட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.