கோட்டுப் போட்ட உத்தியோகம்

ஜன. 6, வெள்ளி
வாடைக் காற்று. துவைத்த துணி காயவில்லை.
நிகழ்த்துகலையில் எம்.ஏ. முடித்து இரண்டு வருஷம். இதுவரை பார்த்த வேலை: பள்ளி ஆண்டு விழாவுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தது. பொன்னேரியில் நகைக்கடை வாசலில் கரடி வேஷம். சீரியலில் பிணம், அதுவும் முகம் மூடிய பிணம்.
இன்று ஒரு அழைப்பு. பழவேற்காடு டச்சுக் கல்லறையில் சுற்றுலாக்காரர்களுக்கு நாடகம். நான் டச்சு கவர்னர். நாளையும் மறுநாளும் மட்டும். இது ஒரு பிழைப்பு!

ஜன. 7, சனி
வெல்வெட் கோட்டு, சுருள்முடி விக். வெந்துபோனேன். ஐந்து வருஷம் குரல் பயிற்சி எடுத்தவனுக்கு நாலே வரி வசனம்.
அம்மா போட்டோ எடுத்துத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறாள். "எம் புள்ளைக்கு உத்தியோகம் கெடச்சிடுச்சு. கோட்டுகீட்டு எல்லாம் குடுத்துக்கீறாங்க!" ஆரம்பாக்கத்தில் எனக்குப் பார்த்திருக்கும் பெண்வீட்டாரிடம் சொல்ல ஏதாவது வேண்டுமாம்.
நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜன. 9, திங்கள்
கோட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்து எப்போது என்று கேட்டேன். சிரித்தார்கள்.
வீட்டில் இடி. ஏரியில் யார் எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் எழுதும் பாடுப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். உத்தியோகத்துக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது. சாட்சி, அம்மா காட்டிய போட்டோ.
நைனாவுக்கு இடுப்பு விட்டதிலிருந்து எங்கள் முறை என் பெயரில்தான். அது இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.
நைனா: "அம்மா ஒளறுனா. நீ இன்னாத்துக்குடா வாய மூடினு இருந்த?"
என் மேலேயே எரிச்சல்.

ஜன. 11, புதன்
ஊர்க்கூட்டம். அம்மா வாசலோரம். எழுந்து சொன்னேன். வேலை கிடையாது, ரெண்டு நாள் வேஷம், கோட்டும் இரவல். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எங்கும் வேலை கிடைக்கவில்லை. வகுப்பில் எத்தனை முறை முயன்றும் வராத கண்ணீர், நிஜமாகவே வந்தது.
தலைவர் கைதட்டினார். "யப்பா, இன்னாமா நடிக்கிறான்! படிச்ச படிப்பு வீண் போவலடா."
எல்லாரும் தட்டினார்கள். ஒருவர் விசில்கூட.
"நடிக்கல தலைவரே" என்றேன். அதற்கும் தட்டினார்கள்.
பிறகு, அடித்த என் பெயரைத் தாண்டி, பட்டியலில் அடுத்த பெயரைப் படித்தார்கள்.