உடையாத தகடு

ஹானோவர்
4 பிப்ரவரி 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டிப்பயல் இப்போதுதான் கண்ணயர்ந்தான். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். "அவன் மூச்சு விடுவான், நீயும் கொஞ்சம் விடு" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை டோர்பென்.

ஈஸ்டர் முடிந்து ஞானஸ்நானம். உங்கள் அப்பாவின் பேரை, ஹார்ம் என்று, வைக்க ஆசை. ஆனால் ரஷ்யப் போர்முனையில் இறந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அங்கே என்ன செய்தார்? தெரியாத ஒரு பேரைப் பிள்ளையின் தலையில் ஏற்றப் பயமாக இருக்கிறது. பெர்லினில் போர்வீரர் ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். கழுத்தில் மாட்டியிருந்த அடையாளத் தகட்டின் எண் கிடைத்தால் தேடுவது சுலபமாம். பாட்டியின் தையல் பெட்டியில் கிடக்குமே, பார்த்து எழுதுங்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் கவலைக்காரி,
வீப்கே

லீர்
11 பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

மாத்திரை போட்டாச்சு, அதிகாரி அம்மா. செத்தவங்களைக் கிளறி என்ன ஆகப்போகுது? ஆனா நீ கேட்டு நான் எதை இல்லேன்னு சொன்னேன். தகட்டு மேல தாளை வச்சு, பென்சிலால தேய்ச்சு அனுப்பியிருக்கேன். பேரனைக் கம்பளியில ரொம்பச் சுத்தாதே, வெந்துடுவான்.

அப்பா

ஹானோவர்
20 மார்ச்

அன்பு அப்பா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அனுப்பாதே என்றார் டோர்பென். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் நீங்கள் போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லில் மலர்வளையம் வைக்கப் போகிறீர்களே, தெரிந்துகொண்டு நான் எப்படி வாய் மூடியிருப்பேன்?

வீரன் இறந்தால் தகட்டை நடுக்கோட்டில் ஒடித்துவிடுவார்கள். ஒரு பாதி உடலோடு போகும், மறு பாதி அலுவலகத்துக்கு வரும். நீங்கள் தேய்த்து அனுப்பியது முழுத் தகடு. நேற்று பதிலும் வந்தது. அவர் ரொட்டி சுடும் பிரிவில் இருந்திருக்கிறார். 1947இல் போர்க்கைதி முகாமிலிருந்து உயிரோடு விடுதலை. போன இடம் லீர் இல்லை, காஸல் நகரம்.

அப்பா, என்மேல் கோபமா?

வீப்கே

லீர்
26 மார்ச்

என் கண்ணு,

கோபம் என்ன கோபம். முழுசா தேய்ச்சு அனுப்பினது மறதியில இல்ல. வாயால சொல்ல வரல, பென்சிலால சொன்னேன்.

எனக்கு எட்டு வயசு. ஒருத்தர் வந்தார். அம்மா கோப்பையில கல்கண்டு போட்டு டீ ஊத்தினா, மேல பாலாடை விட்டா. எல்லாம் முறையாத்தான். அவர் கழுத்துல ஒரு மஃப்ளர். அம்மா அதோட ஓரத்தை விரலால தடவிப் பார்த்தா. "நல்லாத்தான் பின்னியிருக்கா அவ"ன்னா. அவர் தகட்டைக் கழட்டி மேஜை மேல வச்சார்.

நம்ம பக்கம் விருந்தாளிக்கு மூணு கோப்பை உரிமை. போதும்னா அவங்கதான் கரண்டியைக் கோப்பைக்குள்ள போடணும். முதல் கோப்பை முடிஞ்சதும், அம்மாவே அவர் கோப்பையில கரண்டியைப் போட்டா. அவர் எழுந்து போயிட்டார்.

"யாரும்மா அது?"ன்னேன். "வழி தவறி வந்தவர்"ன்னா. அந்த நவம்பர்ல என் கையில வளையத்தைக் கொடுத்துக் கல்லுகிட்ட கூட்டிட்டுப் போனா. நான் வைக்கிறது அவருக்கில்லம்மா. அவ சொன்ன சொல் நிக்கணும்னு.

எந்தப் பேர் வச்சாலும் பேரனுக்கு அது அழகுதான். இனி ஞானஸ்நானத்துக்கு என்னைக் கூப்பிடுவியா?

அப்பா

ஹானோவர்
31 மார்ச்

அன்பு அப்பா,

இப்படி ஒரு கேள்வியா? உங்களைச் சொல்லி அழுதுகொண்டே துணி மடித்தேன், டோர்பென் பயந்தே போய்விட்டார்.

பாதிரியாரிடம் பேரைக் கொடுத்துவிட்டோம். ‘என்னோ’ என்று. உங்கள் பேர்தான். அந்தப் பேர்க்காரரைப் பற்றித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

நவம்பரில் நானும் வருகிறேன், வளையத்தின் மறுபக்கத்தைப் பிடிக்க. அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு இங்கே வாருங்கள். கல்கண்டு வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் கோப்பைக்குக் கரண்டியே வைக்கப் போவதில்லை.

உங்கள் மகள்,
வீப்கே