சேவியரின் பெயரை எடுக்கச் சொன்னது நான்தான்

என் அருமை மச்சான் சேவியருக்கு,

போன இடத்தில் குளிர் எப்படி? இங்கே குன்னூரில் மேகம் என் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நமத்துப்போன வர்க்கி பிஸ்கட்டை உனக்குத்தான் தள்ளிவிடுவேன். இப்போது யாரை ஏமாற்றுவது?

ஒரு சேதி சொல்ல வேண்டும். கோபப்படுவாய். பட்டுக்கொள்.

உனக்குக் கண் போனபிறகு, போனில் வரும் தமிழை வாய்விட்டுப் படிக்க ஒரு புரோகிராம் எழுதினாயே. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்தும் விட்டாய். காசு வாங்காமல் எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நீ போன கொஞ்ச நாளில் அது பேச்சை நிறுத்திவிட்டது.

இத்தலார் கிராமத்து மல்லிகாவைத் தெரியுமே, உன்னைப் போலப் பார்வையில்லாதவள். அவள்தான் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, போன் புதுசா எதையோ ஏத்திக்கிச்சுங்க. அன்னைக்கிருந்து சேவியரண்ணன் புரோகிராம் வாயே தொறக்கறதில்ல. வர்ற மெசேஜையெல்லாம் அண்ணிகிட்டக் குடுத்துத்தான் படிக்கச் சொல்றனுங்க. எனக்குன்னு வர்றதக்கூட."

எதற்கும் கேலி பேசுகிறவன் நான். அன்றைக்குப் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகள் இன்னும் ஞாயிற்றுக்கிழமை போனில் கூடுகிறார்கள். உன் இடத்தில் நான் உட்கார்ந்து கேட்கிறேன். பாதி புரியாது. அன்றைக்கு நேராகவே கேட்டேன்: "ஏம்மா, இத்தனை பேர் இருக்கீங்க, இதைச் சரி பண்ண ஒருத்தருக்குமா தெரியல?"

ஈரோட்டுக் கவிதா மெதுவாகச் சொன்னாள். "அப்பவே சரி பண்ணி வெச்சாச்சுங்க. சேவியர் சார் ஓகே குடுத்தாத்தான் உள்ள போகும்."

"அவன் செத்துட்டானேம்மா."

"தெரியுங்க."

உன் ஏற்பாடு அப்படி. யார் எதைத் திருத்தினாலும் நீ காதால் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் சேரும். அந்த இடத்தில் வேறு பெயர் போடக் கவிதாவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உன் பெயரை எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. எடுத்தால் நீ இன்னொரு தடவை போனது மாதிரி ஆகிவிடுமாம். படித்த பிள்ளைகள் மச்சான், உன் மேல் வைத்த பாசத்தில் மல்லிகாவின் போனை ஊமையாக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

"உசுரோட இருந்தப்பவே நான் கூப்பிட்டா ஒரு தடவையில திரும்ப மாட்டான்," என்றேன். "இப்ப வந்து ஓகே சொல்லுவானாக்கும்! எடுங்க அவன் பேரை."

யாரும் சிரிக்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"நீங்களே சொல்றீங்களாங்க?" என்றாள் கவிதா.

"நாந்தான் சொல்றேன். பாவம் வந்தா என் தலையில."

எடுத்தாள். நான் செய்தது சரியா, மச்சான்? உன்னோடு இத்தனை வருஷம் சண்டை போட்டவன் சொன்னால்தான் நடக்கும் என்று அவர்கள் காத்திருந்தார்களோ? புரோகிராமில் நீ எழுதிய வரிகளில் உன் பெயர் அப்படியே இருக்கிறதாம். கவிதா சத்தியம் பண்ணினாள்.

அந்த இடத்தில் இப்போது இரண்டு பெயர். எழுதியதைப் பார்க்கக் கவிதா. காதால் கேட்க மல்லிகா. "எனக்கு புரோகிராமெல்லாம் தெரியாதுங்களே," என்று மல்லிகா பின்வாங்கினாள். "எழுதறதுக்கு ஆள் கெடக்குது புள்ள, கேக்கறதுக்குத்தான் ஆளில்ல," என்றேன். திருத்தியதைத் தன் போனில் போட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில் மூச்சே விடாமல் படிக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி கேட்டாள். ஒப்புக்கொண்டாள்.

"முதல்ல என்ன மெசேஜ் புள்ள படிச்சுது?" என்று கேட்டேன்.

"அது எனக்கு வந்ததுங்கண்ணா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இனி அங்கே ஒற்றை ஆளின் பெயர் மட்டும் நிற்க நான் விடமாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும், ஒருத்தர் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்று கேட்பேன். அபசகுனம் பிடித்த கிழவன் என்று திட்டட்டும். கேட்பேன்.

இப்படிக்கு,
உன்னிடம் இன்னும் சண்டை பாக்கி வைத்திருக்கும் மச்சான்,
வர்க்கிக் கடை ரங்கசாமி